கோடு வளைந்த இடம்

1

போன மாதம் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்குவதற்காக மெல்பேர்ணின் ஓரத்தில் இருக்கும் மல்கிரேவுக்குப் போயிருந்தேன். புதிதாகத் திறந்த பல் வைத்தியசாலை என்று மகள் இணையத்தில் பார்த்து முகவரி தந்திருந்தாள். காரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, அது நான் பதினான்கு வருடம் வேலை செய்த கட்டடம். வாசலில் அதே கண்ணாடிக் கதவு. உள்ளே சுவர்களை இடித்து மாற்றியிருந்தார்கள். ஆனாலும் ஜன்னல்களை வைத்து இடம் பிடித்துக்கொண்டேன். என்னைச் சாய்த்துப் படுக்க வைத்த கதிரை, முன்பு வரைபட இழுப்பறைகள் நின்ற மூலையில் இருந்தது.

ஊசி போட்டுவிட்டு, தாடை விறைக்கும் வரைக்கும் பொறுத்திருக்கச் சொன்னார்கள். அந்த நேரம் முழுக்க ஒரு கோட்டைப் பற்றி நினைத்துக்கொண்டு கிடந்தேன். பல நூறு கிலோமீற்றர் நீளமான கோடு. எரிவாயுவைக் கொண்டுவருவதற்காக ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்கு ஊடாக நாங்கள் திட்டமிட்ட குழாய்ப்பாதை. அதில் ஒரு குழாய்கூட இதுவரை புதைக்கப்படவில்லை. அதனால் அங்கே யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லலாம். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெயர் பவானி. எண்பதுகளின் முதல் பாதியில் வன்னியில் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில், அரசாங்க அலுவலகத்தில், வரைபடம் வரைகிறவளாக இருந்தேன். எண்பத்தேழில் கணவரோடு மெல்பேர்ண் வந்தேன். இங்கே வந்ததும் என் சான்றிதழ்களை ஏற்றுக்கொள்வதற்குப் பழைய கந்தோரிலிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். அந்தக் கந்தோர் இப்போது இல்லை என்றேன். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, "அப்படியென்றால் இல்லை என்பதற்கு அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வாங்கித் தாருங்கள்" என்றாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகு இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய், தெரிந்த வேலையையே திரும்பவும் படித்தேன். தொண்ணூற்றிரண்டில்தான் மல்கிரேவில் அந்தப் பொறியியல் நிறுவனத்தில் இடம் கிடைத்தது.

2

குழாய்ப்பாதை வேலை 2001இல் வந்தது. வடக்கே கடலுக்கடியில் எரிவாயு கிடைத்திருந்தது. அதைத் தெற்கே கொண்டுசேர்க்க எந்த வழி நல்லது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என் மேலாளர் கிரேயம், பெரிய படமொன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார். நல்ல மனிதர். என் பெயரைச் சரியாக உச்சரிப்பதற்காக ஒருநாள் என்னிடமே உட்கார்ந்து பழகியவர்.

"வடக்கில் ஆட்கள் இல்லை. வெறும் நிலம். முடிந்தவரை நேராகப் போடுவோம்," என்றார்.

வடக்கு என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று திடுக்கிட்டு அடங்கும். எங்களுக்கு வடக்கு என்றால் ஒன்றுதானே. குழாய் போகும் பாதையை முப்பது மீற்றர் அகலத்துக்குக் 'கிளியர்' பண்ண வேண்டும் என்றும் சொன்னார். அந்தச் சொல்லையும் நான் வேறு இடத்தில்தான் பழகியிருந்தேன். இராணுவம் ஒரு கிராமத்துக்குள் போய்விட்டு வந்த பிறகு வானொலியில் வரும் சொல் அது. குறிப்புப் புத்தகத்தில் அதை எழுத மனம் வராமல், 'பற்றை வெட்டுதல்' என்று தமிழில் எழுதிக்கொண்டேன்.

விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கணினித் திரையில் ஒன்றோடொன்று பொருத்தி, பாறைகளையும் ஆறுகளையும் பார்த்துக் கோட்டை இழுப்பது என் வேலை. ஒரு நாள் ஓடையொன்றின் ஓரத்தில் வட்டமான ஒரு வெளியைக் கண்டேன். அதில் நின்ற மரங்கள் சுற்றிவர நின்ற மரங்களைவிடச் சின்னவை. எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது. முன்பு மனிதர் இருந்து, பிறகு இல்லாமல்போன இடம் மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். எனக்கு அதை வாசிக்கத் தெரியும். ஆனாலும் கோட்டை அதன் நடுவாலேயே இழுத்தேன். நேராகப் போடச் சொல்லியிருந்தார்கள்.

3

அடுத்த வருடம் அந்தப் பகுதியின் பூர்வீகக் குடிகளோடு முதல் கட்டமாகப் பேச ஒரு குழு போனது. அங்கிருந்த பெண்கள், தாங்கள் ஒரு பெண்ணிடம்தான் பேசுவோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குழுவில் இருந்த பொறியியலாளர்கள் எல்லோரும் ஆண்கள். அதனால் படம் வரைகிற என்னை அனுப்பினார்கள். டார்வின் வரைக்கும் விமானம், அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க ஜீப். அந்தச் சிவப்புப் புழுதி என் கைப்பையின் தையலுக்குள் இப்போதும் இருக்கிறது.

அந்தப் பெண்களில் ஒருத்தியாக என்னை அழைத்துப்போக வந்தவள் டோரிஸ். என் வயதுதான் இருக்கும். கிளினிக்குக்கு நோயாளிகளை ஏற்றி இறக்கும் வண்டியின் சாரதி. எல்லாவற்றையும் கொஞ்சம் கேலியாகவே பார்ப்பாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஆங்கிலம்தான். ஆனால் அவள் சொன்னவை எல்லாம் எனக்கு இப்போது நினைவில் வருவது தமிழில்.

"நீ எந்த ஊர்?" என்று கேட்டாள்.

"இலங்கை. வடக்குப் பக்கம்."

"ஏன் அங்கை இருக்கேல்லை?"

"இருக்க விடேல்லை."

"ம்," என்றாள்.

படத்தில் நான் கண்ட அந்த ஓடைக்கு அரைக் கிலோமீற்றர் முன்னாலேயே வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. என்னையும் இறங்க விடவில்லை. நான் மடியில் படத்தை விரித்துக் கோட்டைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இது இங்காலை வரக்கூடாது," என்றாள்.

"அங்கை என்ன இருக்கு?"

"என்ன இருக்கு எண்டு சொன்னால் நீ எழுதுவாய்தானே?"

"எழுதினால்தான் கோட்டை மாத்தலாம். அந்த இடத்தைப் பதிவு செய்யலாம். சட்டம் இருக்கு."

டோரிஸ் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி சொன்னாள். "என்ரை தாயின்ரை தாய் ஒருக்காச் சொன்னவ. இன்னொரு இடத்தைப் பற்றி. நல்ல மனுசன் ஒருத்தன் கேட்டான், சொன்னவ. அவன் ஒரு பேப்பரில எழுதிக்கொண்டு பட்டணத்துக்குப் போனான். பிறகு வேறை ஆக்கள் அந்தப் பேப்பரோட வந்து கிண்டினாங்கள். எலும்புகளைப் பெட்டியில அடுக்கிக் கொண்டுபோனாங்கள், மியூசியத்துக்கு. இன்னும் திரும்பி வரேல்லை. அதுக்குப் பிறகு நாங்கள் சொல்லுறதில்லை."

வெளியே சரியான வெயில். ஓடைப் பக்கம் பறவைச் சத்தம்கூட இல்லை.

"கோட்டை மாத்து. ஆனால் எழுதாதை," என்றாள்.

4

எழுதாதை என்று அவள் சொன்னதும் எனக்கு எது நினைவுக்கு வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

எண்பத்துநான்கில், எங்கள் கந்தோர் கைவிடப்பட்ட சின்னக் குளங்களைத் திருத்துவதற்காக ஒரு வரைபடம் தயாரித்தது. காட்டுக்குள்ளே அப்படி ஒரு குளத்தின் கரையில், மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்த சனங்கள் குடிசை போட்டு இருந்தார்கள். அரசாங்கப் பட்டியலில் அவர்கள் இல்லை. அங்கிருந்து ராமையா என்ற ஒருவர் பதினெட்டு மைல் நடந்து கந்தோருக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்றார். கதிரை காட்டியும் உட்காரவில்லை.

"எங்க குடிசைங்களையும் படத்துல போட்டுருங்கம்மா," என்றார். "படத்துல இருந்தாத்தான் ஆளுங்க இருக்கோம்னு தெரியும். கெணறு வெட்டித் தருவாங்க. புள்ளைங்க அந்தக் கொளத்துத் தண்ணியக் குடிச்சுட்டு வயித்தால போகுதுங்க."

என் மேலதிகாரி, பட்டியலில் இல்லாததை ஏன் போடுகிறாய் என்றார். கெஞ்சி அனுமதி வாங்கினேன். நில அளவையாளரின் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு குடிசையையும் சின்னச் சதுரமாக வரைந்தேன். காட்டுக்குள்ளால் போகும் ஒற்றையடிப் பாதையைப் புள்ளிக் கோடாகப் போட்டேன். நான் வரைந்த படங்களிலேயே துப்புரவான படம் அதுதான் என்று அப்போது பெருமைப்பட்டேன்.

சில வாரம் கழித்துச் சீருடையில் இரண்டு பேர் கந்தோருக்கு வந்து அந்தப் பகுதியின் படங்களைக் கேட்டார்கள். மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான்தான் உள்ளே போய்ப் பிரதி எடுத்தேன். அந்தக் காலப் பிரதித் தாளின் அமோனியா வாசம் போகும்வரை உதறி, சுருட்டி, றப்பர் வளையம் போட்டுக் கையில் கொடுத்தேன். அவர்களில் ஒருவன் நன்றி சொன்னான்.

அந்த மாத முடிவில் குளத்தங்கரைக் குடிசைகள் எரிந்தன. விடியக்காலையில் காட்டுப் பாதையால் வந்தார்கள் என்று சொன்னார்கள். ராமையா பிறகு வரவில்லை. என் படத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா, வழி காட்ட வேறு யாரும் இருந்தார்களா, எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது ஓர் ஆறுதல் என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. கணவருக்குக்கூட நான் இதை முழுதாகச் சொன்னதில்லை.

5

மெல்பேர்ணுக்குத் திரும்பியதும் திரையில் அந்த இடத்தை எடுத்தேன். கோட்டைக் கிழக்குப் பக்கமாக நான்கு கிலோமீற்றர் வளைத்து, ஓடையை வேறு இடத்தில் கடக்க விட்டேன். கோட்டை வளைத்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் 'காரணம்' என்று ஒரு பெட்டி. பாறை, வெள்ளம், மண் அரிப்பு, தனியார் நிலம், பதிவு செய்யப்பட்ட இடம் என்று தெரிவுகள். பதிவு செய்யப்பட்ட இடம் என்று போட்டால் பதிவு எண் கேட்கும். வேறு காரணம் என்று போட்டால் விளக்கம் கேட்கும். எதுவும் போடாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக விடாது.

மத்தியானம் முழுவதும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'மண் அரிப்பு' என்பதைத் தெரிவு செய்தேன். ஓடைக் கரை உறுதியில்லாதது என்று ஒரு வரி எழுதினேன். பொய்தான். ஆனால் யாருக்கும் காயம் இல்லாத பொய் என்று நினைத்தேன். அன்று கிளென் வேவர்லி ரயிலில் வீட்டுக்கு வரும்போது பல வருடங்களுக்குப் பிறகு மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. இந்த முறை சரியாகச் செய்துவிட்டேன் என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து என் மேசையில் ஓர் அறிக்கை கிடந்தது. மண் பரிசோதனை அறிக்கை. ஓடைக் கரை உறுதியில்லை என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா, அது உண்மைதானா என்று பார்ப்பதற்காகத் துளையிடும் லொறி ஒன்றை அனுப்பியிருந்தார்கள். எங்கே அனுப்பியிருப்பார்கள்? நான் விலக்கிய அதே இடத்துக்குத்தான். வெளியின் நடுவில் மூன்று துளைகள். மற்றத் துளைகளெல்லாம் பல கிலோமீற்றருக்கு ஒன்று என்றிருக்க, இந்த ஒரு இடத்தில் மட்டும் மூன்று.

ஒவ்வொரு துளையிலும் மேலிருந்து கீழ்வரை என்ன மண் என்று எழுதியிருந்தது. மணல். பிறகு இறுகிய களி. மண் அரிப்புக்கான அடையாளம் இல்லை. இரண்டாவது துளையில், முழங்கால் ஆழம்கூட வராத இடத்தில், இரண்டு சொல்: கரித் துண்டுகள்.

அங்கேயும் ஏதோ எரிந்திருக்கிறது. பக்கத்து மேசைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

6

அன்று பின்னேரம் கிரேயம் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "நீ இப்படித் தவறு விடுகிற ஆள் இல்லை, பவானி. என்ன நடந்தது?" என்றார்.

நான் டோரிஸைப் பற்றிச் சொல்லவில்லை. குளத்தங்கரையைப் பற்றிச் சொன்னேன். பதினெட்டு வருடம் கழித்து முதல் தடவையாக, ஆங்கிலத்தில், ஒரு வெள்ளைக்காரரிடம். குடிசைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் 'சின்ன வீடுகள்' என்றேன். பொம்மை வீடுகளைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு விளங்குகிறது. ஆனால் இதை நான் அறிக்கையில் எழுத முடியாது," என்றார். "கோடு நேராகத்தான் போக வேண்டும்."

அடுத்த திருத்தத்தில் வளைவை நானே அழித்தேன். அவர் வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். என்னிடம்தான் தந்தார். வேலையில் என்னை விட்டுவைத்ததே பெரிய விஷயம் என்று கணவர் சொன்னார். காரணத்தை அவருக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தேன்.

அந்தக் கிழமையிலேயே டோரிஸ் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"லொறி வந்தது," என்றாள். "நீ எழுதினியா?"

"இல்லை. எழுதக்கூடாது எண்டுதான் பொய் எழுதினனான். மண் சரியில்லை எண்டு. அதைப் பார்க்கத்தான் வந்திட்டினம்."

அவள் அழுவாள் அல்லது ஏசுவாள் என்று காத்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை.

"பொய் சொல்லுறதெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே," என்றாள். "அங்கை எந்தப் பொய் வேலை செய்யும் எண்டு எங்களுக்குத் தெரியும். நூறு வருசமாச் சொல்லுறம்."

மன்னிப்புக் கேட்டேன். மூன்று துளைகளையும் பெண்கள் போய் மூடிவிட்டு வந்ததாக மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

அடுத்த வருடம் எரிவாயு வாங்க இருந்த சுரங்கம் பின்வாங்கியது. திட்டம் நின்றது. படங்கள் இழுப்பறைக்குள் போயின. கந்தோரில் எல்லோருக்கும் கவலை. எனக்கு மட்டும் நிம்மதி. ஆனால் இழுப்பறைக்குள் போன படம் அழிந்த படம் இல்லை. அது எனக்குத் தெரியும்.

7

2006இல் ஆட்குறைப்பில் என்னை நிறுத்தினார்கள். இப்போது ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் பகுதிநேரம் வேலை செய்கிறேன்.

இந்த 2009ஆம் வருடத்தின் முதல் மாதங்களில் வன்னியில் நடந்ததைப் பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், அவ்வளவுதான். என் மகள் ஆரணி இங்கே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அவள் பதாகை எழுதிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனாள். பதாகையில் வன்னி ஊர்ப் பெயர்களின் எழுத்துச் சரியா என்று என்னிடம் கேட்டாள். சரி பார்த்துக் கொடுத்தேன். நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவள் கேட்டபோது முழங்கால் நோகுது என்றேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது, தெரியாத இளைஞன் ஒருவன் தொலைபேசி எடுத்தான். வேறொரு நிறுவனத்தில் பொறியியலாளன். கிரேயமிடம் என் எண்ணை வாங்கியிருந்தான். வடக்குக் குழாய்ப்பாதையைத் திரும்பவும் பார்க்கிறார்களாம். பழைய படங்களில் ஒரு திருத்தத்தில் கோடு வளைகிறது, அடுத்ததில் நேராகிறது, இரண்டிலும் உங்கள் முதலெழுத்துகள் இருக்கின்றன, காரணம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான்.

"ஒரு மணித்தியாலம் கழித்து எடுக்கிறீர்களா?" என்றேன்.

பழைய முகவரிப் புத்தகத்தைத் தேடி எடுத்து டோரிஸுக்குத் தொலைபேசி அடித்தேன். அவளுடைய மகள் எடுத்து வேறு எண் தந்தாள். டோரிஸ் இப்போது பட்டணத்தில் இருக்கிறாள். கிழமைக்கு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுக்க வேண்டும். குரல் மெலிந்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"திரும்பி வாறாங்கள்," என்றேன். "இந்த முறை உன்னட்டைக் கேக்கிறன். என்ன சொல்ல?"

அவள் யோசிக்கவே இல்லை. "மழைக் காலத்தில அந்த ஓடையால நாலு மாசம் லொறி போகேலாது எண்டு சொல்லு. அது உண்மை. பொய்யைவிட அது நல்லாய் வேலை செய்யும். ரோட்டோரமாப் போகச் சொல்லு. அந்த மண்ணை மாட்டுப்பண்ணைக்காரர் எப்பவோ கிண்டிப்போட்டாங்கள்."

"எங்கையாவது எழுதியிருக்கோ எண்டு கேப்பான்."

"உனக்குத் தெரியும் எண்டு சொல்லு. நீ வந்து பார்த்தனீதானே?"

அந்த இளைஞன் திரும்ப எடுத்தபோது அப்படியே சொன்னேன். நேரில் பார்த்தேன், மழைக் காலத்தில் நான்கு மாதம் வழியில்லை, நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுபோவது நல்லது என்றேன். அவன் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஆள் அனுப்பிப் பார்ப்பார்களா என்று கேட்டேன். தேவையில்லை, மழைக் கணக்கை வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்றான். ஆதாரம் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"எழுதுங்கோ," என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், ஆரணி குசினி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"ஹூ வாஸ் தட், அம்மா?"

கதிரையில் உட்கார்ந்தேன். அவளும் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். டோரிஸில் தொடங்கினேன். ஓடையைச் சொன்னேன், லொறியைச் சொன்னேன். பிறகு நிறுத்த முடியாமல், ராமையா என் மேசைக்கு முன்னால் நின்றதையும், நான் பிரதி எடுத்துச் சுருட்டிக் கொடுத்ததையும் சொன்னேன். எல்லாம் தமிழில். விளங்காத இடங்களிலும் அவள் குறுக்கே வரவில்லை.

சொல்லி முடித்தேன். என்னைக் குற்றம் சொல்வாள் என்று நினைத்தேன். அல்லது அம்மா, உங்களில் பிழையில்லை என்பாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"அந்த இடத்துக்கு என்ன பேர், அம்மா?" என்று தமிழில் கேட்டாள். "நான் பதாகையிலை எழுதினதுகளுக்குள்ளை அது இருந்ததோ?"

குளத்துக்குப் பழைய பெயர் ஒன்று இருந்தது, அது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே வந்திருந்த சனங்கள் தங்கள் குடியிருப்புக்கு ஒரு பெயர் வைத்துத்தான் இருந்திருப்பார்கள். ராமையா என் முன்னால் நின்ற அவ்வளவு நேரத்தில் நான் பாதையைக் கேட்டேன், தூரத்தைக் கேட்டேன், எத்தனை குடிசை என்று இரண்டு தடவை கேட்டேன். படத்தில் அந்தச் சதுரங்களுக்குப் பக்கத்தில் என் அழகான கையெழுத்தில் 'குடிசைகள்' என்று எழுதினேன்.

"தெரியாது, பிள்ளை," என்றேன். "நான் கேக்கேல்லை."